நெஞ்சில் இருக்க வேண்டிய நெருப்பு

பாயில் ஏழு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பாயில் இருக்க வேண்டிய பெண்ணைத்தான் காணவில்லை.

குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால்மாட்டில் இருந்த கிண்ணத்தில் மண். அடுத்ததில் தண்ணீர். மூன்றாவதில் எரிந்து முடிந்த விளக்கு. அதற்கு மேலே ஒரு மயிலிறகு, பிறகு ஒன்றுமே இல்லாத வெறுங்கிண்ணம், பிறகு இரண்டு நந்தியாவட்டைப் பூ, தலைமாட்டில் ஒரு தாமரை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துணித்துண்டு. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்தது வரிசை.

"படையல் மாதிரித்தான் இருக்கு. சாப்பிட ஒண்டும் இல்லாததுதான் குறை," என்றேன்.

நான் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நஜ்முன் நிஸா கிண்ணங்களைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. என் பகிடிக்கு அவர் திட்டாமல் விட்டால் யாருடைய உயிரோ ஊசலாடுகிறது என்று அர்த்தம். இருபது வருடம் காப்புறுதிக் கொம்பனியில் இருந்து, தன் கடையைத் தானே கொளுத்திவிட்டு நட்டஈடு கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிய மனுசி. இப்போது திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே தையல்கடை மேல்மாடியில் ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அலுவலகம் என்றால் உட்கார இரண்டு கதிரையும் நானும். என் பெயர் பிரகலாதன். ஓட்டோ ஓட்டுவதும் படம் எடுப்பதும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலை.

"தம்பி, அந்த மண்ணத் தொட்டுப் பாரு. ஈரமா?"

விரல்களை விட்டுத் துழாவினேன். "காய்ஞ்சு மா மாதிரிக் கிடக்கு ராத்தா."

"ஒரு பையில கொஞ்சம் எடு. கிண்ணமெல்லாத்தையும் படமும் எடு."

வாசலில் நின்ற கிரிசாந் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காணாமற்போன கீர்த்தனியின் அண்ணன். எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான். வெயில் காலத்தில் வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கக் கடலுக்குக் கூட்டிப்போகிறவர். இப்போது மார்கழி. மழையும் வாடைக்காற்றும் கடலைக் கலக்கிக்கொண்டிருந்தன. உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரனும் இல்லை, டொல்பினும் இல்லை.

"நேற்று விடிய எழும்பினனான். அறைக் கதவு திறந்து கிடந்தது, ஆளில்லை. கிண்ணங்கள் இப்பிடியே இருந்தது," என்றார். "பிறகுதான் அவளின்ட போனில இருந்து இது வந்தது."

ராத்தா போனை வாங்கிச் சத்தமாக வாசித்தார். இனி எனக்கு ஊசி வேண்டாம். சக்கரங்கள் சமப்பட்டால் நோய் தானாகப் போகும். தயாளினி அக்காவின் வழியில் போகிறேன். தேட வேண்டாம்.

"என்ன ஊசி?"

"இன்சுலின். சின்ன வயசில இருந்தே போடுறாள். அது இல்லாட்டி ஆள் தாங்கமாட்டாள். குசினிக்கு வந்து பாருங்கோ, பிரிட்ஜில அப்பிடியே கிடக்கு."

கிடந்தது. முட்டை வைக்கும் தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில், பேனை மாதிரியான ஊசிகள்.

"தயாளினி ஆரு?"

"சக்கரம் படிப்பிக்கிறவ. அங்கால ஒரு விடுதியில மேல்மாடி எடுத்து நடத்துறா. ஒரு வருசமா இவள் அங்கதான் கிடையாக் கிடந்தவள். பிள்ளையின்ட மூளையைக் கழுவிப்போட்டா. பொலிசில சொன்னா, வயசு வந்த பிள்ளை, தான் விரும்பிப் போயிருக்கு எண்டினம்."

"வீட்டுல வேற ஆரும் இல்லையா?"

"இல்லை. அம்மா போன வருசம் தவறிப்போயிட்டா. வீடு தங்கச்சின்ட. எங்கட பக்கத்து வழமை தெரியுந்தானே, வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு."

"எனக்குத் தெரியாததே," என்றேன். "நானும் அக்காட வீட்டில ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள்தான். கேற் பூட்ட முதல் போகாட்டி நாய்க்குப் பக்கத்தில படுக்கை."

கிரிசாந் சிரித்தார். நல்ல மனுசனாகத்தான் தெரிந்தார்.

"உங்கட போட்டெல்லாம் இப்ப எங்க?" ராத்தா கேட்டார்.

"கரையேத்தி வைச்சாச்சு. சீசன் முடிஞ்ச பிறகு நான் அந்தப் பக்கமே போகேல்லை." எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொம்பிளையைப் பிடியுங்கோ மெடம். கீர்த்தனிக்கு ஏதும் நடந்தா அவதான் பொறுப்பு."

ஓட்டோ கடற்கரை வீதிக்கு ஏறியதும் ராத்தா தெரிந்த டொக்டர் ஒருவருக்குப் போன் போட்டார். மழைச் சத்தத்தையும் மீறி டொக்டரின் குரல் எனக்குக் கேட்டது.

"நேற்று விடியவில இருந்து ஊசி இல்லை எண்டா, இப்பவே வாந்தியெடுத்துத் தளர்ந்திருக்கும். பிறகு மயக்கம். இண்டைக்குள்ள ஆளைக் கொண்டு வாங்கோ. நாளைக்கு எண்டா என்னட்டக் கேக்காதேங்கோ."

ராத்தா போனை மடியில் வைத்தார். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"ராத்தா, அந்தக் கிண்ணங்களைத் தொட்டதில எனக்கும் ஏதோ சக்கரம் திறந்திட்டுது. கையெல்லாம் சுறுசுறுவெண்டு இருக்கு."

"வாயில உள்ள சக்கரத்த மூடிட்டு ரோட்டப் பாரு."

தயாளினிக்கு நாற்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய தலைமயிர், கையில் ஒரு வளையல்கூட இல்லை. கிளிவெட்டியில் வயல்காரக் குடும்பம் என்று பிறகு தெரிந்தது. மேல்மாடி மண்டபத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், கீர்த்தனி பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"நேற்று வகுப்புக்கு வரேல்லை. போனும் நிப்பாட்டிக் கிடக்கு. என்ன நடந்தது?"

ராத்தா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனேன். தாகத்தோடு போகிறவன் பிரிட்ஜைத் திறப்பது குற்றமில்லை. திறந்தேன். கதவுத் தட்டில் ஒரு சின்னப் பை, அதன் மேல் கீர்த்தனி என்ற பெயர், உள்ளே அதே மாதிரியான ஊசி.

பையைக் கொண்டுவந்து ராத்தாவின் முன்னால் வைத்தேன்.

"காணாமப்போன புள்ளையிட மருந்து உங்கட எடத்துல என்ன செய்யுது?" ராத்தாவின் குரலில் ஈரமே இல்லை.

தயாளினி பதறவில்லை. "அது இங்கதான் இருக்கும். போன பங்குனியில இந்த மண்டபத்தில அவள் மயங்கி விழுந்தவள். அண்டைக்கு ஊசிப் பையை வீட்டில விட்டிட்டு வந்தவள். அதுக்குப் பிறகு ஒண்டை இங்கயும் வைக்கச் சொன்னனான். ஊசி போட்டாச்சு எண்டு சொன்னாத்தான் பாய் விரிக்க விடுவன்."

"சக்கரம் சமப்பட்டா நோய் போகும், ஊசி தேவையில்ல எண்டு நீங்க சொல்லிக் குடுக்கல்லையா?"

இப்போதுதான் அந்த முகத்தில் கோபம் வந்தது.

"அப்பிடிச் சொன்ன ஒராளை நம்பித்தான் என்ட அப்பா பிரஷர்க் குளிசையை நிப்பாட்டினவர். பிறகு அவருக்கு வாய் இழுத்து, ஒரு பக்கம் விழுந்துபோச்சு. அந்த ஆத்திரத்திலதான் நான் இதைப் படிக்கப் போனனான், உண்மையில என்னதான் சொல்லியிருக்கெண்டு பாக்க. சக்கரம் எண்டுறது உடம்பை வெட்டிப் பாத்தாக் காணுற சாமான் இல்லை. மனசை எங்க நிப்பாட்டுறது எண்டு காட்டுற இடம். பயந்தா வயிறு இறுகுது, கவலை வந்தாத் தொண்டை அடைக்குது. இறுகின இடத்துக்கு மூச்சைக் கொண்டுபோய் இளக்கிவிடுறம். சமப்படுத்துறது எண்டா அவ்வளவுதான். அது ரத்தத்தில சீனியைக் குறைக்காது. முதல் நாளே ஆக்களுக்கு இதைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவன்."

நல்ல பேச்சுத்தான். பொய்யர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள். ராத்தா என் போனை வாங்கி, நான் எடுத்த படத்தைத் தயாளினியிடம் நீட்டினார்.

"கீர்த்தனிட அறையில கிடந்திச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

தயாளினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவரது முகம் மெல்ல வெளிறியது.

"இது அவள் வைச்சதில்லை," என்றார். "பிள்ளையார் எங்க?"

"என்ன?"

"அடியில இருக்கிற மூலாதாரச் சக்கரம் பிள்ளையாரின்ட இடம். மஞ்சளில ஒரு பிள்ளையார் பிடிச்சு வைச்சுத்தான் தொடங்குவம். எங்கட சித்தர் வழியில பூதங்கள் அஞ்சும் அதுக்கு மேலதான் வரும். மண், பிறகு தொப்புளடியில தண்ணி, நெஞ்சில நெருப்பு, தொண்டையில காத்து, நெத்தியில ஆகாயம். இங்க பாருங்கோ, பிள்ளையாரின்ட இடத்தில மண்ணைக் கொட்டி வைச்சிருக்கு. நெருப்பு வயித்தில கிடக்கு."

"அப்ப இது பிழையான முறையா?"

"பிழையெண்டு சொல்லமாட்டன். வேற வழியில இப்பிடித்தான் வைப்பினம். இங்க வாற வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாரும் இப்பிடிப் படிச்சுப்போட்டுத்தான் வருவினம். போனில தேடினாலும் முதல் வாற படம் இதுதான், இந்த வானவில் நிறங்களோட. ஆனா கீர்த்தனி ஒரு வருசமா நெருப்பை நெஞ்சில வைச்சுப் பழகினவள். விளக்கை வயித்தடியில வைக்க அவளின்ட கை போகாது."

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம் போல் இருந்தது. கோழிக்கூடு அடித்தாலும் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துவிட்டுத் தொடங்குகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்த அறையில் பிள்ளையார் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

"அப்ப வெச்சது உங்கட்டப் படிக்காத ஆள்," என்றார் ராத்தா. "ஆனா பழிய உங்கட தலையில போட நெனச்ச ஆள்."

அப்படியானால் உப்புவெளியில் போன் வைத்திருக்கிற எவனும் செய்திருக்கலாம். நேரமோ போய்க்கொண்டிருந்தது. நான் பேச வாயெடுத்தபோது தயாளினி என் கையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கையில என்ன இது?"

சொறிந்து சொறிந்து விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்து யன்னலோரம் இழுத்தார்.

"எப்ப தொடங்கினது?"

"அந்த வீட்டில இருந்து வெளிக்கிட்டதில இருந்து. நீங்கதானே மண்ணைத் துழாவச் சொன்னனீங்கள்."

ராத்தா பையில் எடுத்த மண்ணை ஒரு தட்டில் கொட்டிப் போன் வெளிச்சத்தை அடித்தார். சாதாரண செம்மண். அதற்குள்ளே மயிரிழை போல ஏதோ மினுங்கியது.

"எங்கட நானா கிண்ணியாவுல பைபர் போட் தேய்க்கிறவர்," என்று தன் அண்ணனைப் பற்றி மெதுவாகச் சொன்னார். "கழுத்து வரைக்கும் துணியச் சுத்திக்கிட்டுத்தான் தேய்ப்பார். அப்பிடியும் ராவெல்லாம் சொறிவார். போட்டத் தேய்க்கக்குள்ள பறக்கிற கண்ணாடித் தூள் இது."

நான் விரல்களைச் சட்டையில் துடைத்தேன்.

"கடற்கர வீட்டச் சுத்தி வெள்ள மணல்தான்," ராத்தா தொடர்ந்தார். "மண் கிண்ணத்துக்கு மண் தேவப்பட்டிருக்கி. தான் நிண்ட எடத்துல இருந்து ஒரு பிடி அள்ளிட்டு வந்திரிக்கான், புள்ளைட போனில இருந்து அந்தச் செய்தியும் தானே அனுப்பிரிக்கான். சீசன் முடிஞ்சதுக்குப் பொறகு அந்தப் பக்கமே போகல்ல எண்டு ஆரு சொன்ன?"

"ராத்தா, அது எங்களைக் கூப்பிட்ட ஆளல்லோ."

"ஏன் கூப்பிட்டான்? புள்ளைய மையத்தா, பொணமா எடுக்கிற நாளுல, நான் தேடாத எடமில்ல, அந்த டீச்சர்தான் ஊசிய நிப்பாட்டினவ எண்டு சொல்ல ஒரு சாட்சி வேணும். சக்கரம் ஒண்டும் தெரியாத முஸ்லிம் பொம்புள ஒருத்தி அதுக்கு நல்ல சாட்சி."

தயாளினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொந்த அண்ணன்."

"வீடு தங்கச்சிட," என்றார் ராத்தா. "இன்னும் உறுதியில்ல. ஒரு சோதின வெப்பம்."

அவர் கிரிசாந்துக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். "கிரிசாந், டீச்சரிட பிரிட்ஜுல உங்கட தங்கச்சிட ஊசி இரிக்கி. நாங்க இவவ விடாம வெச்சிருக்கம். நீங்க உடனே பொலிசுக்குப் போய் எழுதிக் குடுங்க."

"நான் சொன்னனான்தானே மெடம். இப்பவே போறன். பெரிய உதவி."

போன் நின்றது. ராத்தா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தங்கச்சி எங்க எண்டு கேட்டானா?"

கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடக் கேட்கவில்லை.

படிகளில் இறங்கும்போதே நான் நிப்றாசுக்குப் போன் போட்டேன். உல்லாசப் பயணிகளுக்குப் போட் பிடித்துக் கொடுக்கிற தரகன், என்னோடு படித்தவன். கிரிசாந் மழைக்காலத்தில் போட்களை எங்கே ஏற்றி வைக்கிறான் என்று கேட்டேன். உள்துறைமுகக் கரையில், மூடிக் கிடக்கிற பழைய ஐஸ் பெக்டரிக்குப் பின்னால் ஒரு வளவு என்றான். தயாளினி ஊசிப் பையை ஐஸ் போட்ட போத்தலில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வழிநெடுக ராத்தா போனில் இருந்தார். முதலில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ், பிறகு அவரோடு பழைய பழக்கம் உள்ள பொலிஸ் அதிகாரி ஒருவர். கிரிசாந்தை நிலையத்திலேயே இருத்தி வைக்கச் சொன்னார். வளவுக்கு ஒரு ஜீப் அனுப்பச் சொன்னார்.

வளவின் கேற்றில் பெரிய பூட்டுத் தொங்கியது. நான் மதிலேறிக் குதித்தேன். என் பின்னால் தயாளினி என்னைவிட இலகுவாகக் குதித்தார். யோகாசனத்துக்கு அன்றைக்குத்தான் மனதார மரியாதை கொடுத்தேன். ராத்தா வெளியே குடைக்குள் நின்று, கேற்றின் இடைவெளியால் உள்ளே பார்த்தபடி இருந்தார்.

ஒரு பக்கம் தகரக் கொட்டில். அதன் கீழே செம்மண் தரை முழுவதும் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. மறுபக்கம் மழைக்குள் போட்கள், எல்லாம் நீலப் பிளாஸ்டிக் படங்கால் மூடிக் கட்டப்பட்டவை. கீர்த்தனி, கீர்த்தனி என்று கத்தினோம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தம்தான் திருப்பிக் கேட்டது.

"ஒவ்வொண்டா அவிழ்க்கிறதெண்டா இருட்டிப்போகும்," என்றேன்.

"அவிழ்க்காத," கேற்றுக்கு வெளியே இருந்து ராத்தா குரல் கொடுத்தார். "படங்கு மேல பாரு. எதுல தண்ணி தேங்கல்ல?"

பார்த்தேன். நாட்கணக்கான மழை. எல்லாப் படங்குகளிலும் குளம் குளமாகத் தண்ணீர் தேங்கித் தொய்ந்திருந்தது. கடைசியில் நின்ற பழைய மீன்பிடிப் போட்டில் மட்டும் படங்கு வெறுமையாக இருந்தது. அதைச் சற்று முன்னர்தான் யாரோ திறந்து மூடியிருக்க வேண்டும்.

பக்கத்தில் சாத்தியிருந்த ஏணியால் ஏறினேன். மீன் போடுகிற கிடங்கின் மூடியில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே செருகியிருந்தது. இழுத்து எடுத்து மூடியைத் தூக்கினேன். பழுத்து அழுகிய பழத்தின் மணம் முகத்தில் அடித்தது; இன்சுலின் இல்லாத உடம்பின் மூச்சு அப்படி மணக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

பழைய வலைகளின் மேல் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு மட்டும் ஓடி வந்தவள் போல ஆழமாகவும் வேகமாகவும் போய்க்கொண்டிருந்தது. தயாளினி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கித் தலையை மடியில் வைத்தார். டொக்டரைப் போனில் பிடித்தேன். "ஊசியை நீங்கள் ஒருத்தரும் போடாதேங்கோ, கொண்டு வாங்கோ, அதுவரைக்கும் நித்திரையாக விடாதேங்கோ," என்றார்.

"கீர்த்தனி, அக்கா வந்திருக்கிறன். கண்ணைத் திற." தயாளினி கன்னத்தைத் தட்டினார். "பிள்ளையாரிட்ட இருந்து தொடங்குவம். இப்ப மண்ணுக்கு வா. தண்ணிக்கு வா. கேக்குதோ? நெருப்பு எங்க இருக்கு? சொல்லு, நெருப்பு எங்க?"

கண் திறக்கவில்லை. ஆனால் கை மெல்ல அசைந்து, வலையில் இருந்து எழும்பி, நெஞ்சின் மேல் விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பியபோதுதான் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. அம்புலன்ஸ் என்று நினைத்தேன். வந்தது கிரிசாந். முறைப்பாடு எழுதுகிறவர் சாப்பிடப் போக, பிறகு வருகிறேன் என்று நழுவியிருக்கிறான் என்பது பின்னர் தெரிந்தது. ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் பொலித்தீன் உறைக்குள் ஒரு பத்திரம். அவனைத் தூரத்தில் கண்டதும், ஓட்டோ நின்ற ஐஸ் பெக்டரி மறைவுக்கு ஒதுங்கியிருந்த ராத்தா அவன் பின்னால் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவனது முகம் ஒரு கணம் செத்தது. பிறகு உயிர் வந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களோ? பாத்தீங்களோ மெடம், அந்தப் பொம்பிளை இவளை இங்க கொண்டுவந்து ஒளிச்சு வைச்சிருக்கிறா."

"கேற்றுட திறப்பு உங்கட கையில இரிக்கி, கிரிசாந்," என்றார் ராத்தா.

அவன் கையைப் பார்த்தான். பூட்டைத் திறந்த சாவி பத்திர உறையோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. போட்டை நோக்கி ஒரு அடி வைத்தான். நான் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி ஏணி முன்னால் குதித்தேன். வீரத்தில் இல்லை. கிடங்குக்குள் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் அவனுக்கும் நடுவில் வேறு ஒருவரும் இல்லை.

"நான் கொல்ல நினைக்கேல்லை," என்றான். "கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு வேனில ஏத்தினனான். வீட்டை எழுதித் தர ஒரு கையெழுத்துத்தான். போட்டா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன் எண்டும் சொன்னனான். பிடிவாதம் பிடிச்சாள்."

"ஊசியக் காட்டிக் காட்டிக் கேட்டீங்களா?"

அவன் பத்திர உறையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கையெழுத்துப் போடாட்டி என்ன செய்ய இருந்தீங்க?"

மழை அவனது முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நல்ல மனுசனைத் தேடிப் பார்த்தேன். அதே முகம்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தை ஏற்றியது.

அம்புலன்சும் ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கீர்த்தனியைக் கிடங்கில் இருந்து தூக்கி எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கைக்குச் சேலைன் ஏற்றினார்கள். தயாளினி விடாமல் பேசிக்கொண்டே கூட நடந்தார். தூக்குக் கட்டில் கிரிசாந்தைக் கடந்து போகும்போது அவளது விரல்கள் கம்பியைப் பிடித்தன. தாதி நின்றார்.

கண்ணைப் பாதி திறந்து அண்ணனைத் தேடினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அண்ணா, வீடு வேணுமெண்டு நீ ஒருநாளும் என்னட்டக் கேக்கேல்லை."

"கதையாதை பிள்ளை," என்றார் தயாளினி.

"பூட்டிப்போட்டுத்தான் கேட்டனீ." மூச்சை இழுத்து எடுத்தாள். "அதுக்கு முதல் ஒருக்காக் கேட்டிருந்தாத் தந்திருப்பன். அம்மாவும் இல்லாத வீடு, நான் தனிய என்ன செய்ய?"

கட்டிலை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். அம்புலன்ஸ் ஐஸ் பெக்டரியைச் சுற்றிக்கொண்டு வீதிக்கு ஏறியது. பொலிஸ்காரர் பத்திரத்தையும் திறப்பையும் கிரிசாந்தின் கையில் இருந்து வாங்கினார். அவன் கொடுத்ததே தெரியாமல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"உண்மையாத் தந்திருப்பாளோ?" என்று கேட்டான். அன்று காலையில் இருந்து தங்கச்சியைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ராத்தாவைப் பார்த்தேன். அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "தந்திருப்பாள்."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.